ஏழாம் வரிசையில் நாலாவது

மத்திகிரி
12-11-1968

மரியே வாழ்க

அன்புள்ள மகன் அருள்ஜோசப்புக்கு அப்பா எழுதுவது. தேவமாதா கிருபையால் நானும் உன் தங்கை பவுலினாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் நீயும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் வேலைக்குப் போய்வர வேண்டிக்கொள்கிறோம். போன கடிதத்தில் சுகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். அப்படி எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது, இருமல் இருந்தால் இருக்கிறது என்று எழுது. அப்பா மாட்டைக்கூட சந்தேகப்படுகிறவர் என்று பவுலினா சிரிக்கிறாள். சிரிக்கட்டும், மாட்டுப் பண்ணையிலேயே காலம் தள்ளியவன் நான், மாடும் பாலை அடக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்னபடி அம்மாவுக்குக் கல்குருசு கிருஷ்ணகிரியில் கொத்தி முடிந்துவிட்டது. சவுரியம்மாள் என்ற பெயர் நன்றாக விழுந்திருக்கிறது, ஓர் எழுத்தை விழுங்கியிருப்பானோ என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்ததும் நட்டுவிடலாம், அதற்குள் அடித்தளம் போட்டு வைக்கலாம் என்று நினைத்திருந்தபோதுதான் கல்லறைத் திருநாள் அன்று ஒரு காரியம் நடந்தது. சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்கு முன்னால் சுண்ணாம்பும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு நான் போகிறேன், எனக்கு முன்பே அம்மா கல்லறையில் யாரோ சாமந்தி மாலை போட்டு வர்த்தியும் ஏற்றியிருக்கிறார்கள். உன் மாமன் வீட்டார் உத்தனப்பள்ளியிலிருந்து வந்து எனக்குப் பெருமை காட்டுகிறார்களோ என்று முதலில் நினைத்தேன், அவர்கள் அப்படிச் செலவு செய்கிற ஜாதி இல்லை. பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டதற்கு, ராயப்பன் கையில் சாமந்தி பார்த்தோம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கோலார் தங்கவயலில் இருந்துவிட்டு இந்த வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருக்கிற ராயப்பன், என் கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவைப் பெண் கேட்டுப் போனவன். உன் தாத்தா அவனுக்கு இல்லை என்று சொல்லித்தான் எனக்குக் கொடுத்தார். இத்தனை வருஷம் கழித்து என் பெண்டாட்டிக்கு இவன் எதற்குப் பூப் போடுகிறான்? மாலையை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டேன். பிறகு அங்கேயே முழங்காலில் நின்று, அவன் உனக்கு ஏதாவது சொல்லி அனுப்பினானா, எனக்குத் தெரியாமல் ஏதாவது இருந்ததா என்று உன் அம்மாவையே கேட்டேன். மகனுக்கு எழுதக் கூடாததுதான், ஆனால் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பெயர் வெட்டிய குருசை உடனே நட்டுவிட்டால் எவனும் உரிமை கொண்டாட மாட்டான் என்று தோன்றியது, நீ வரும்வரை பொறுக்காமல் கொத்தனாரைக் கூட்டிப்போய்க் குழி தோண்டச் சொன்னேன். நாலு மண்வெட்டி மண் எடுத்திருப்பார், ராயப்பன் ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டான். எங்கம்மா தலமாட்டுல எவ பேரு கல்லய்யா நடுறீங்க என்றான். அவன் அம்மா மதலேனம்மாளும் உன் அம்மா போன அதே மழைக்காலத்தில்தான் போனாள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் நான் விடவில்லை, பொய் சொல்கிறான் என்றே நினைத்தேன். கோவில் உபதேசியார் தேவமணியை ஆள்விட்டு அழைத்தோம்.

நீ பிலாயிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது, நானோ டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், நம் இருவருக்குமே இடம் கண்ணால் தெரியாது. அடக்கத்துக்குப் போனவர்களும் கொட்டுகிற மழையில் குடையைப் பார்த்தார்களே தவிர இடத்தைப் பார்க்கவில்லை. மரக்குருசுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஏழு, நாலு என்று அப்போது உபதேசியார் ஏட்டைப் பார்த்துச் சொன்ன எண்ணை வைத்துத்தான் நான் இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே வாசல் சுவரடியில் இடமிருந்து வலமாக எண் போட்ட கற்கள் இருக்கின்றன, இடப்பக்கச் சுவரடியில் உள்ளே போகப் போக எண் போட்ட கற்கள் இருக்கின்றன. ஒன்றை நேராகவும் மற்றதைக் குறுக்காகவும் பிடித்துப் போனால் இரண்டும் சந்திக்கிற இடம்தான் கல்லறை. எங்கள் பண்ணைக் கொட்டகையில் தீனி வண்டி நடுவழியில் போய் மாடு கட்டுகிற தறி ஒவ்வொன்றாக நிற்கும், அதனால் எத்தனையாவது தறி என்பதை முதலிலும் எந்த வரிசை என்பதைப் பின்னாலும் சொல்வோம். ஏழு, நாலு என்றால் எனக்கு நாலாவது வரிசையில் ஏழாவது. கோவில் ஏட்டில் அப்படி இல்லை, வரிசைதான் முதலில் என்றார் உபதேசியார். உன் அம்மா இருப்பது ஏழாவது வரிசையில், நாலாவதாக.

உபதேசியாரும் ராயப்பனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். பெயர் வெட்டிய சிமெண்டுக் கல்லறை ஒன்று காட்டுங்கள், எண்ணிப் பார்த்துவிடுவோம் என்றேன். பழைய வாத்தியார் கல்லறை இரண்டு, ஐந்து. அவர் கணக்கில் எண்ணினால் வாத்தியார் பெயர் முன்னால் நிற்கிறது, என் கணக்கில் எண்ணினால் யாரோ ஒரு கைக்குழந்தையின் கல்லறை. தோண்டிய மண்ணை மூடச் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேலாக உன் அம்மாவிடம் சொல்கிறோம் என்று நான் சொன்னதையெல்லாம் மதலேனம்மாள்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், அவள் மகனைப் பற்றி நான் திட்டியதையும் சேர்த்து. ராயப்பனும் லேசுப்பட்டவன் இல்லை, எங்கம்மாவுக்கு யாருடா சுண்ணாம்பு அடிக்கறாங்க, எங்கப்பனுக்கு வேற குடும்பம் இருந்துச்சோன்னு நானும் ரோசன பண்ணிக்கிட்டுதான் இருந்தேன் என்றான். உபதேசியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாவது வரிசைக்குப் போனேன். மேடு அமுங்கிப்போய் முழங்கால் உயரம் தும்பையும் அடியில் நெருஞ்சியும். ஒரு சொட்டு மெழுகு கிடையாது. இத்தனை நாளும் பக்கத்தில் வந்துவிட்டு இன்னும் மூன்று வரிசை தள்ளி வராமல் போனவனாக அவள் என்னை நினைத்திருப்பாளே. உட்கார்ந்து கையாலேயே பிடுங்கினேன், ராயப்பனும் எதிரில் குந்திப் பிடுங்கினான். முடிந்ததும் தன் அம்மாவுக்குக் கொண்டுவந்திருந்த சாமந்தியில் பாதியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். அவனாக வைக்கவில்லை. நீயே வைப்பா என்று திருப்பிக் கொடுத்தேன்.

மகனே, குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள், கடைக்காரன் சொல்கிற விலையை நம்பாதே. பவுலினா உனக்குத் தோத்திரம் சொல்கிறாள். தேவமாதா உன்னை எந்தத் தீங்கும் அண்டாமல் காப்பாற்றட்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. வந்து இறங்கியதும் நேராகக் கல்லறைக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும், நான் கூட இல்லாவிட்டாலும் வரிசையை முதலில் எண்ணு, மறக்காதே. அங்கே சாமந்தி கிடந்தால் எடுத்துப் போடாதே. யார் வைத்தது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா
சூசை