வெலீயிட்டி: நீ கடைசியாக அனுப்பிய சொல்

அன்புள்ள ஜெசி,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பாப்பாவுக்குக் கஞ்சி ஆற்றுகிறேன். துணி மடிக்கிறேன். பல்லாவரத்து வீட்டுக்கு மேலே பிளேன் தாழ்வாகப் போனால் அவள் காதைப் பொத்துகிறேன். யாரோ செய்வதுபோல எல்லாம் நடக்கிறது.

காலேஜில் தொடங்கிய விளையாட்டு நமக்கு. ஒருத்தி புதுசாக ஒரு இங்கிலீஷ் சொல் அனுப்ப வேண்டும். மற்றவள் அர்த்தம் தேடி, அன்றைக்குத் தனக்கு நடந்ததை வைத்தே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பிரசவ வார்டுக்கே சொல் அனுப்பி, "வலி ஒரு பக்கம் இருக்கட்டும், பதில் எங்கடி?" என்று கேட்டவள் நீ.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாக அனுப்பியது 'வெலீயிட்டி'. பாப்பாவுக்கு ஜுரம் என்ற பதற்றத்தில், அர்த்தம் பார்க்காமலே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டேன். "பாப்பாவுக்கு ஜுரம், சனிக்கிழமை கண்டிப்பா வரேன்டி" என்றும் எழுதினேன்.

"வா. சமோசா வாங்கிட்டு வா, நர்ஸுக்குத் தெரியாம" என்றாய்.

சனிக்கிழமை காலையிலேயே ஜுரம் விட்டுவிட்டது. ஆனாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் எதையாவது ஒட்டிக்கொண்டு வந்து பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டால்? கிளம்பிய புடவையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை உன் அம்மா போன் செய்தார்.

நேற்றுதான் அகராதியைப் பார்த்தேன். மனசில் ஆசை இருக்கும், எழுந்து போய்ச் செய்கிற அளவுக்கு இருக்காது. அந்த வலுவில்லாத ஆசைக்குத்தான் இந்தச் சொல். லத்தீனில் 'வெல்லே' என்றால் விரும்புவது, அதிலிருந்து வந்ததாம். பேச்சில் யாரும் சொல்வதில்லை, எழுத்தில்தான் எப்போதாவது வருமாம்.

என்னைத் தெரிந்துதான் அனுப்பினாயா? இல்லை, படுக்கையிலிருந்து எழ முடியாத உன்னைப் பற்றிச் சொன்னாயா?

இன்று காலை சேலையூரிலிருந்து உன் அம்மா கூப்பிட்டார். "பர்வீன், ஏம்மா இந்தப் பக்கமே வரல? அன்னிக்கு வர முடியலன்னு சங்கடப்படறியா? ஜுரத்துல புள்ளையப் போட்டுட்டு எப்படி வருவே? ஜெசிகிட்டயும் அதான் சொன்னேன்."

"ஆமா ஆன்ட்டி" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் உன் அம்மாவிடமும், அவர் சொன்னதை நம்பிப் போன உன்னிடமும் பொய் சொல்லிவிட்டேன்.

பாப்பா தூங்குகிறாள். எழுந்ததும் ஆட்டோ பிடித்து சேலையூர் போகிறோம். சனிக்கிழமை அவளுக்கு ஜுரம் இல்லை என்று உன் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்கப்புறம் உட்காரச் சொன்னால் உட்காருவேன். போகச் சொன்னால், அடுத்த வாரம் மறுபடி போய்க் கதவைத் தட்டுவேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
பர்வீன்