வழக்கமாக வசிப்பவர்

பிப்ரவரி 3

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பயிற்சியில் இரண்டாம் நாள். பள்ளி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியாயிற்று, மார்ச் கடைசியில் ஓய்வு. போகிற நேரத்தில் இதையும் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜனங்கள் ஊர் மாறுவதற்கு இரண்டு காரணமாம். இருக்கிற இடம் தள்ளும். போகிற இடம் இழுக்கும். நல்ல பிள்ளையாகக் குறித்துக்கொண்டேன். என் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போய் ஐந்து மாதம் ஆகப் போகிறது. அவளை இழுத்தது யார் என்று தெரியும். பேத்திதான். ஆலைச் சங்கு மாதிரி அழுவதால் நான் வைத்த பெயர் சங்கு. தள்ளியது?

அதை நான் குறிக்கவில்லை.

பிப்ரவரி 9

முப்பத்திரண்டு வீடு. கால் வீங்கிவிட்டது.

பிப்ரவரி 14

மூன்றாம் தெருவில் வரிசையாக ஒன்பது வீட்டில் இரண்டிரண்டு பேர்தான், எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். பயிற்சியில் வயதுவாரியாக ஒரு படம் போட்டார்கள்: அடியில் குழந்தைகள், அகலமாக, உச்சியில் கிழங்கள், குறுகலாக. இந்தத் தெருவில் அது தலைகீழாக நிற்கிறது. தச்சர் வீட்டில் மட்டும் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன்.

தையல்காரர் வெளிநாட்டில் இருக்கும் மகனையும் எழுதச் சொன்னார். போய் நாலு வருடம் ஆகிறது. விதியைச் சொன்னேன்: இந்த வீட்டில் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும், அல்லது இனி ஆறு மாதம் இருக்கும் உத்தேசம் வேண்டும். "பேரையாவது எழுதிக்கோங்க சார்" என்றார். முடியாது என்றேன். கறார் பேர்வழி நான்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுப் படிவத்தை நிரப்பினேன். 'வீட்டில் இருப்போர்: இருவர்.'

பிப்ரவரி 17

மேற்பார்வையாளர் அம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர், எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர்.

"சார், அக்கா ஊர்லயே இல்லையே?"

வந்துவிடுவாள் என்றேன். எப்போது என்று கேட்டார். என்ன சொல்வது? மார்ச் ஒன்றுதான் கணக்கு நாள். அன்றைக்கு அவள் போய் ஐந்து மாதம் இருபது நாள் ஆகியிருக்கும். ஆக, ஆறு மாதக் கணக்கில் அவள் இன்னும் அந்த வீட்டு ஆள் இல்லை. இந்த வீட்டு ஆளா என்பது அவளுடைய உத்தேசத்தைப் பொறுத்தது. அது எனக்குத் தெரியாது. கட்டிய பெண்டாட்டி மனதில் இருப்பது தெரியாமல் ஊர்க் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அவங்களையே கேட்டு எழுதுங்க சார்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 18

போன் செய்தேன். படிவத்தைப் பார்த்துப் படிப்பவன் போலக் கேட்டேன். "அடுத்த ஆறு மாசம் எங்க தங்குறதா உத்தேசம்?"

சங்கை யாரிடமோ கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இது கணக்கெடுக்க வந்தவர் கேக்குறாரா, நீங்க கேக்குறீங்களா?"

"கணக்குக்குத்தான்" என்றேன். மடையன்.

"அப்போ இங்கன்னே எழுதிக்குங்க."

பிப்ரவரி 19

எழுதவில்லை.

வேலைக்குப் போகும் மகளுக்கு ஒத்தாசை, சங்குக்கு ஒரு மடி — எல்லாவற்றையும் இழுப்பு என்று போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் கை ஓடவில்லை. தள்ளினது யாரு? நான்தானே? சாயங்காலம் வந்தா பேப்பர், அப்புறம் டிவி. சாப்பிடுறீங்களா? ம். மழை வரும் போல இருக்கே? ம். முப்பத்தொரு வருஷத்தை இந்த ஒரு 'ம்'மை வச்சே ஓட்டிட்டேனே. அவ போகாம என்ன பண்ணுவா? அவ இடத்துல நான் இருந்தா எப்பவோ மூட்டையைக் கட்டியிருப்பேன்.

பிப்ரவரி 21

காலையில் மறுபடி பேசினேன். "இப்ப நான்தான் கேக்குறேன். வருவியா?"

அங்கே ஒரு நாளைக்கு இருபது தடவை அவளைக் கூப்பிடுகிறார்களாம். மகள், மருமகன், கீழ்வீட்டுக்காரி, எல்லோரும். குழம்பு நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்கிறார்களாம். குரலில் கோபமே இல்லை. அதுதான் வலித்தது.

"உங்க மேல கோவமெல்லாம் இல்லைங்க. அங்க இருந்தா நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது."

"அப்போ நான் அங்க வரட்டுமா?" வாய் தவறி வந்ததுதான். வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

இங்கே வந்தும் 'ம்'தானா என்று கேட்டாள். "ம்" என்றேன். ஐயோ, இல்லை இல்லை என்று பதறினேன். அவள் சிரித்தாள். இந்த ஐந்து மாதத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 28

படிவத்தைத் திருத்தினேன். 'வீட்டில் இருப்போர்: ஒருவர்.' அவளை அங்கே எண்ணிக்கொண்டார்களாம், மகள் சொன்னாள். படிவத்தைக் கொடுக்கப் போகையில் தையல்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நின்று அவர் மகனைப் பற்றி விசாரித்தேன். அரை மணி நேரம் சொன்னார்.

ஆகஸ்ட் 12

மகள் வீட்டுக்கு நான் வந்து நாலு மாதமாகிறது. இன்று இடப்பெயர்ச்சி பற்றி ஏதோ மாதிரிக் கணக்கெடுப்பு என்று ஒரு பெண் வந்தாள். வேலைக்குப் புதிது போலிருக்கிறது, பேனாவைத் தேடவே ஐந்து நிமிடம் ஆனது. என் பேனாவைக் கொடுத்தேன்.

குடும்பத் தலைவர் யார்? மகள். நீங்கள்? அவளுடைய அப்பா. கடைசியாக வசித்த இடம்? சொன்னேன். இங்கேயே தங்கும் உத்தேசமா? ஆமாம். ஊர் மாறிய காரணத்துக்கு வரிசையாக வாசித்தாள்: வேலை, படிப்பு, திருமணம், குடும்பத்தோடு வந்தது, மற்றவை.

பிப்ரவரியில் இந்தக் கேள்வியை நானும் வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். அநேகமாக எல்லாப் பெண்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஆண் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

"திருமணம்" என்றேன்.

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கா சார்?"

"இல்லம்மா. என்னோடது."

பக்கத்தில் என் மனைவி சங்குக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை உள்ளே போயிருந்தது, மறு கையைப் போட மறந்து என்னையே பார்த்தாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.