அன்ரிக்கும் எறிய வேணும்

யூன் 8, ஞாயிறு

நல்ல வெயில். காற்று துளியும் இல்லை. காலையில் புட்டு, பிறகு பார்க்.

விஃபிள் போல் என்று பெயர். ஓட்டை ஓட்டையாகப் போட்ட பிளாஸ்ரிக் பந்து, மெல்லிய மஞ்சள் மட்டை. ரெக்ஸ்டேலில் எங்கள் பில்டிங்குக்குப் பின்னால் உள்ள பார்க்கில் இனி ஞாயிறுதோறும். நடத்துவது மேல் மாடி நிரோஜா. இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் பேசும், அவசரம் வந்தால் இங்கிலிஷுக்குத் தாவிவிடும்.

விதிகள், எனக்கு விளங்கிய மட்டில்:
- ஆண் ஒருவர், பெண் ஒருவர், மாறி மாறி அடிக்க வேண்டும். பெண் இல்லாவிட்டால் அந்த முறை அவுட்.
- அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடினால் அவுட்.
- நாலு மூலையும் சுற்றி வந்தால் ஒன்று.
- ஓடுகிறவருக்குப் பந்தால் எறியலாம். பட்டால் அவுட். தலைக்கு எறியக் கூடாது.
- பார்க்குக்குள் பியர் கூடாது. (இது அங்கிள்மாருக்கு.)

நான் போனது ஆள் கணக்குக்கு. இவருடைய அணியில் ஒரு பெண் குறைவு. "சும்மா வந்து நில்லும். பேருக்கு ஒரு ஆள் காணும்" என்றார். நின்றேன்.

இவர் ஊரில் கிரிக்கெட். கலியாணம் கட்டிய நாள் முதல் ஒரு சிக்ஸர் கதை. முதலில் பந்து வேலிக்கு அங்கால் விழுந்தது. பிள்ளைகள் பிறந்தபோது றோட்டைத் தாண்டியது. இப்போது சேர்ச் கூரையில் நிற்கிறது. இன்னும் சில வருடம் போனால் கடலுக்குள் விழும். சரி, அது வேறு கதை. இன்று அடித்தார், மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். அவுட். அடுத்த முறையும் அடித்தார். அப்போதும் மட்டையோடு. அவுட்.

"அங்கிள், ட்ரொப் த பட்!" என்று நிரோஜா கத்துகிறது. இவர் திரும்பி நின்று, "அதை விட்டிட்டு ஓடினால் கை வெறுங்கையாய்க் கிடக்குது பிள்ளை" என்கிறார்.

என் முறை. அடித்தேன், பட்டது! மட்டையை எறிந்துவிட்டு ஓடினேன். பந்து டிலான் கையில். டிலான் எதிர் அணி, ஏசி பூட்டும் வேலை, கை உலக்கை மாதிரி. நான் அவனுக்கு முன்னால்தான் ஓடுகிறேன். பந்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறான்.

"அன்ரி, மெல்ல. விழுந்திடுவியள்."

சுற்றி வந்துவிட்டேன். ஒன்று கிடைத்தது. எல்லோரும் கைதட்டு. நாங்கள் வென்றோம்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. அவன் எனக்கு எறியவில்லை.

யூன் 10, செவ்வாய்

மப்பு. வேலை. பிளேனில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கு, கரண்டியையும் முள்ளையும் கடதாசியில் சுற்றும் லைன். எனக்குப் பக்கத்தில் கௌரி, டிலானுடைய தாய்.

"பவளக்கா, உங்களுக்கு எறிஞ்சிருந்தால் அவன்ரை கையை முறிச்சிருப்பன். கோயிலிலை உங்கடை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

அவள் என் மேல் உள்ள மரியாதையில் சொல்கிறாள். எனக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது?

ஊரில் சித்திரை வருசப் பிறப்புக்கு எல்லே என்று ஒரு மட்டைப்பந்து விளையாட்டு. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அதை விடவில்லை நான். அடித்துவிட்டு ஓடுகிறவளைப் பந்தால் எறிந்து விழுத்துவார்கள். முதுகில் பட்ட சிவப்பு நாலு நாளைக்கு நிற்கும். ஆருடைய மகள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வெங்காயம் முடிந்தது. வாங்க வேண்டும்.

யூன் 13, வெள்ளி

குறூப்பில் நிரோஜாவின் மெசேஜ். மற்ற அணிகள் முறைப்பாடாம். அன்ரிமாருக்கு ஒருத்தரும் எறிவதில்லை, அதனால் அன்ரி உள்ள அணிக்கு ஓசியில் ஒன்று. ஆகவே புது விதி: ஐம்பது தாண்டிய பெண்கள் அடிக்கலாம். அவர்களுக்காக வேறு ஒரு இளம் ஆள் ஓடும்.

இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லதுதானே. உமக்கு முழங்கால் நோ."

"உங்களுக்கு எத்தினை வயசு?"

"ஐம்பத்தெட்டு."

"உங்களுக்கு ஆர் ஓடுறது?"

போனை வாங்கித் தானே வாசித்தார். "அதிலை அங்கிள்மாரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே."

எழுதவில்லைதான்! நான் அடித்துவிட்டு நிற்க, வேறு ஒரு பிள்ளை என் ஓட்டத்தை ஓடும். அதற்கு நான் வீட்டில் இருந்து வெங்காயம் உரிக்கலாம்.

ராத்திரிக்கு இவருக்குப் பழைய குழம்பு.

யூன் 15, ஞாயிறு

மழை. விளையாட்டு இல்லை. பார்க் கொட்டகைக்குள் கூட்டம். ஆரோ பொரித்த பற்றிஸ் கொண்டுவந்தார்கள். சூடு, ஆனால் உறைப்புக் காணாது.

நிரோஜா விதியை வாசித்தது. நான் எழும்பினேன். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை.

"நிரோ பிள்ளை, உதை எழுத வேண்டாம். வேறை ஒண்டு எழுது. அன்ரிக்கும் எறிய வேணும் எண்டு எழுது."

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

"அன்ரி, இட்ஸ் நொட் லைக் தட். உங்களுக்கு ஹேர்ட் ஆகிட்டால்?"

"ஓட்டைப் பந்து பிள்ளை. பற்றிஸாலை எறிஞ்சால் இதைவிடக் கூட நோகும்."

டிலான் தலையைக் குனிந்தபடி, "என்னாலை ஏலாது அன்ரி. கை வராது. நீங்கள் எனக்குச் சின்னனிலை சாப்பாடு தீத்தினனீங்கள்."

"தீத்தின கைக்கு எறிய வேண்டாம். முதுகுக்கு எறி."

இதற்குத்தான் பெரிய சிரிப்பு. இவர் கூட. கடைசியில் நிரோஜா முடிவு சொன்னது: வாற ஞாயிறு ஒரு நாள் பழைய விதி. அன்ரிமாருக்கும் எறிகிறார்களா என்று பார்க்கும். எறியாவிட்டால் புது விதி, பேச்சுக்கு இடமில்லை.

அப்போ என் ஓட்டம் இப்போது டிலானுடைய கையில்.

யூன் 18, புதன்

புழுக்கம். லைனில் கௌரியிடம் கேட்டேவிட்டேன்.

"உன்ரை மகன் எறியாட்டி நான் இனி ஓட ஏலாது கௌரி."

கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பெல் அடித்தது, சாப்பிடப் போனோம், திரும்பி வந்தோம். பிறகு:

"தலையிலை பட்டால்?"

"தலைக்கு எறியக் கூடாது. விதியிலையே இருக்கு."

"உங்களுக்கு விசர் பவளக்கா." அடுத்த கட்டுக் கடதாசியைப் பிரித்தபடி, "சரி, சொல்லிப் பாக்கிறன்."

பின்னேரம் இவரைக் கொரிடோரில் நிற்க வைத்து எனக்கு எறியச் சொன்னேன். கோயிலில் பூப் போடுகிற மாதிரி போட்டார். பேசினேன். அடுத்ததை ஓங்கி எறிந்தார், நான் குனிந்தேன், முன் வீட்டுக் கதவில் பட்டது. கதவு திறந்து அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தது. இவரைத் தனியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

குனிய முடிகிறது. முழங்காலுக்குச் சித்தாலேப தைலம் பூசினேன்.

யூன் 22, ஞாயிறு

எரி வெயில். இன்றே எழுத வேண்டும்.

ரீசேட் தந்தார்கள். ஆம்பிளை அளவு. என்னில் கூடாரம். கௌரியும் வந்திருந்தாள், கதிரை, குடை, தோடம்பழம் எல்லாவற்றோடும்.

என் முதல் முறை. அடித்தேன், ஓடினேன். பந்து டிலானிடம். கையை ஓங்கினான், பிறகு பழையபடி நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்தேன், அழுகிற மாதிரி. புது விதியை எழுத நிரோஜா பேனையைத் திறந்துவிட்டது. வெளியில் இருந்து கௌரியின் சத்தம்:

"எறியடா! பாத்துக்கொண்டு நிக்கிறாய்!"

எறிந்தான். நடு முதுகில் சுளீரென்று.

அவுட். பிளேன் ஒன்று மேலால் போனது. டிலான் ஓடிவருகிறான், "சொறி அன்ரி, சொறி, சொறி..."

"சொறி சொல்லாதை! அவுட் எண்டு சொல்லு!"

"அவுட் அன்ரி."

இரண்டு கையையும் மேலே தூக்கினேன். அவுட் ஆனவள் கை தூக்குகிறாள் என்று எங்கள் அணிக்கே விளங்கவில்லை. நிரோஜாவுக்கு விளங்கியது, பேனையை மூடிவிட்டது. இனி அந்த விதி இல்லை.

பிறகு ஆட்டம் சூடு. இவர் இன்றைக்கு மட்டையைப் போட்டார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். அதற்கு விதி இல்லை. இரண்டு பக்கமும் சமம். கடைசி முறை என்னுடையது.

இடப் பக்கம், தாழ்வாக ஒரு அடி. முதல் மூலை. இரண்டாவது. பந்தை விட்டுவிட்டுத் தேடுகிறார்கள். மூன்றாவது. "நில்லும்! நில்லும்!" என்று இவர் கத்துகிறார். நிற்கவில்லை. பந்து டிலானிடம் வந்துவிட்டது. இந்த முறை அவன் யோசிக்கவே இல்லை. கை போன வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. குனிந்தேன். காதுக்குப் பக்கத்தில் ஒரு விசில். கோட்டில் போய் விழுந்தேன்.

"சேஃப்!" நிரோஜா.

"பட்டது! ரீசேட்டிலை பட்டது!" டிலான் என் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறான். "அன்ரி, பொய் சொல்லாதேங்கோ! பட்டது உங்களுக்குத் தெரியும்!"

"படேல்லையடா! கண்ணை வடிவாய்க் கழுவு!"

"சீற்றிங்! சுத்தச் சீற்றிங்!"

கௌரி குடையோடு உள்ளே வந்து அவனுக்காகச் சண்டை. இவர் எனக்காக. பட்டதோ படவில்லையோ, சத்தியமாக எனக்கே தெரியாது. நிரோஜா மாற்றவில்லை. வென்றோம்.

முழங்கால் இரண்டும் தோல் போய்விட்டது. டிலான் பையைத் தூக்கிக்கொண்டு, போயிட்டு வாறன் என்றுகூட எனக்குச் சொல்லாமல், என் பக்கம் திரும்பியும் பார்க்காமல் போனான். அவ்வளவு கோபம், என் மேல்! கார் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.