வாய் திறவாத மன்னருக்காக மருத்துவரை விடுவிக்கும் ஓலை

செம்பாறை நாட்டின் காவலரும், ஏழு குன்றுகளை உடையவரும், பகைவர் நடுங்கப் பேசும் திருவாயரும், இப்போதைக்குப் பேசாதவருமான விடங்கராய மன்னரின் பேரமைச்சன் நெடுங்காடன், வட எல்லைக் கோட்டைத் தலைவர் மாறங்காரியாருக்கு விடுக்கும் ஓலை. உமது மதில் உயர்க. உமது கிணறு வற்றாதிருக்க. உமது பற்கள் யாவும் இருந்த இடத்திலேயே நிலைத்திருக்க.

ஒன்பது நாள் முன்பு மருத்துவர் சாத்தங்கண்ணியார் மன்னரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும், அப்போது எழுந்த அலறலைத் தனக்கான அழைப்பென்று எண்ணிப் பட்டத்து யானை முற்றத்தில் வந்து நின்றதும் அறிந்திருப்பீர். குழி ஆறும்வரை ஏழு நாள் வெற்றிலை பாக்கு ஆகாது, உப்பிட்ட வெந்நீரால் மெல்லக் கொப்பளிக்க வேண்டும் என்று மருத்துவர் பணிந்து சொன்னார். ஆனால் அரசர் முதலில் தாம்பூலம் தரித்த பின்னரே அவையில் பிறர் தரிக்கலாம் என்பது நம் நாட்டு வழக்கம். மறுநாள் காலை எண்பது அதிகாரிகள் மடித்த வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்திருந்தனர். மன்னர் மென்றார். அவ்வெண்பதின்மரில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. அவைப்புலவர் அதனை முழுமதி என்று பாடிப் பரிசு பெற்றார். மற்றைக் கன்னத்தின் கதி என்னவென்று கேட்க எவருக்கும் துணிவில்லை. நான்காம் நாள் சீழ் கட்டிக் காய்ச்சலும் கண்டபோது, மருத்துவரே வஞ்சகர் என்றும், அவரை உமது கோட்டையில் அடைத்து வரும் வெள்ளியன்று தலையைக் கொய்க என்றும் மன்னர் ஆணையிட்டார். அவர் தெளிவாகப் பேசியது அதுவே கடைசி. மறுநாள் தாடை பூட்டிக்கொண்டது.

இப்போது அவருக்கே புத்தி வந்துவிட்டது. கன்னத்தைத் தொட்டு, வடக்கே கை நீட்டிக் கண்ணீர் விடுகிறார். சேனாபதியோ அதனை வடநாட்டின்மீது படையெடுக்கும் ஆணையென்று கொண்டு முரசறையப் போய்விட்டார். அவரைத் தடுக்கவே எனக்கு அரை நாள் ஆயிற்று. அரசர் வாயால் இட்ட தண்டனையை அரசர் வாயே நீக்க வேண்டும், எழுத்து செல்லாது என்பது அவர் பாட்டனார் செய்த சட்டம். பாட்டனாருக்குப் பல்வலி வந்ததில்லை போலும்.

இதற்குள் வீக்கம் தொண்டைக்கு இறங்கிவிட்டது. கஞ்சித் தண்ணீரும் உள்ளே செல்லவில்லை; அவர் மூச்சிழுக்கும் ஓசை அடுத்த அறைவரை கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பிடிவாதக்காரர்தாம், ஆயினும் பஞ்சத்தில் தம் களஞ்சியத்தைத் திறந்துவிட்டுக் குடிகளோடு கேழ்வரகுக் களி உண்டவர். ஒரு பாக்குத் துண்டுக்கு அவரைப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகையால், சட்டத்தை மீறி, என் முத்திரையொன்றையே இட்டு ஆணையிடுகிறேன். இவ்வோலை கண்ட கணமே மருத்துவரின் விலங்கை நீக்கி, எம் அனைவர் சார்பிலும் அவர் காலில் விழுந்து, சீழைக் கீறி எடுக்கும் கருவிப் பையோடு உமது விரைந்த குதிரையில் ஏற்றி அனுப்புக. அரசாணையை மாற்றிய அமைச்சனுக்கு என்ன தண்டனை என்பதை அறிவேன். மருத்துவர் வந்தால் மன்னர் வாய் திறப்பார். நன்றி சொல்வார் என்று எண்ணாதீர், எனக்கு அவரைத் தெரியும்; வாய் திறந்ததும் முதற்கண் என் தலையைத்தான் கேட்பார்.

கேட்கட்டும். அந்தக் குரலை நான் ஒருமுறை கேட்க வேண்டும்.

முத்திரை அரக்கும் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. நெடுங்காடன் கைச்சாத்து. விரைக.