துண்டு முனையின் சூடு

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே இடது இமை கனத்தது. பைக் கண்ணாடியில் பார்த்தேன். கண்கட்டி, மிளகளவுக்குச் சிவந்து நிற்கிறது. தோளில் கிடந்த துண்டின் முனையைச் சுருட்டி வாயருகே கொண்டுபோன பிறகுதான், இது உன் பழக்கம் என்று உறைத்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்துவிட்டது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்தும், உன் மேல் எனக்கிருந்த பொறாமை அப்படியே இருக்கிறது.

வில்லியனூரில் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டோம். எனக்கு மோட்டாரும் பைப்பும், உனக்குத் துண்டும் லுங்கியும். வியாபாரத்தில் நான்தான் பெரியவன். ஆனால் ஆட்கள் நின்றது உன் வாசலில். ஏம்பலத்திலிருந்து என்னிடம் பைப் வாங்க வருகிற விவசாயிகூட, கண் வீங்கியிருந்தால் முதலில் உன் படியைத்தான் ஏறுவார். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "எந்த நாயி ஒதுங்கறதப் பாத்த?" என்று கேட்டுச் சிரிக்கவைப்பாய். துண்டு முனையை உருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி இமையில் ஒற்றுவாய். ஆறினால் மறுபடி ஊதுவாய். பிதுக்காதே, அதுவாக உடையும் என்பாய். அவர் போகும்போது ஒரு லுங்கியும் வாங்கிப்போவார். எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். பலனில்லை. என் மகளுக்குக் கண்கட்டி வந்தபோது, மெடிக்கலில் நான் வாங்கிவந்த மருந்தைத் தொடாமல், மாமா ஊதட்டும் என்று உன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கே வந்தபோது நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். ரோட்டில் போகிறவனையெல்லாம் கூப்பிடுகிற நீ, என்னைப் பார்த்தும் பேசாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தாய். அது உடைந்து வடியும்வரை நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் நீ வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு என் கடைக்குள் வந்தாய். பைப் கட்டின் மேல் உட்கார்ந்து துண்டை நீட்டினாய். ஊருக்கே ஊதுகிறவன் உனக்கு ஊதிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"எனுக்கு நானே ஊதிக்கினா அதுல இன்னாடா சுகம்? காலைலேர்ந்து போன்ல கத்திக்கினே கீற. உன் வாயிலதான் நல்லா அனல் கீது. ஊது."

ஊதி ஒற்றினேன். இமை என் விரலடியில் துடித்தது. அன்றைக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் கேட்க வாய் வந்தது.

"உன்னையுமாடா கூப்புடணும்? நீயா வருவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

உன் சாவுக்கு வந்தவர்கள், என் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்த கை என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். உன்னைப் பங்குபோட்டு எடுத்துப்போவதுபோல் இருந்தது எனக்கு. என் பங்கை நான் வெளியே எடுக்கவில்லை. நீ அவர்கள் எல்லோருக்கும் ஒற்றினாய். உனக்கு ஒற்றியவன் நான்.

சற்றுமுன் எனக்கு நானே ஊதிப் பார்த்தேன். நீ சொன்னதுபோல் அதில் சுகமில்லை. அந்நேரம் பைப் வாங்க வந்த ஒருவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "பக்கத்துக் கடைக்காரரு இருந்திருந்தா ஊதியே சரி பண்ணியிருப்பாரு. எனுக்கே ஒருவாட்டி..." என்று ஆரம்பித்தார்.

எத்தனை இஞ்ச் பைப் வேண்டும் என்று கேட்டேன்.