அப்பா இறந்த கட்டுரை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா சுகமா? நான் சுகம். நீங்கள்தான் போன செவ்வாய்க்கிழமை இங்கே இறந்துபோனீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த விடுதிப் பள்ளியில் தினமும் இரண்டு பக்கம் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பு. வாரத்துக்கு ஆறு கட்டுரை. உழைக்கும் அப்பா, கண்டிக்கும் அப்பா, குடை பிடிக்கும் அப்பா எல்லாரையும் எழுதித் தீர்த்தாயிற்று. கை ஓய்ந்துபோய்க் கட்டுரையில் உங்களைச் சாகடித்தேன். மதிப்பெண்ணுக்காக வகுப்பில் பாதிப் பேர் செய்வதுதான்.

ஆனால் புதிதாக வந்த ஃபெங் டீச்சர் நம்பிவிட்டார். தினமும் என் மேசையில் அவித்த முட்டை வைக்கிறார்.

"சாப்பிடுடா கண்ணு. அழணும்னா என்கிட்ட வந்து அழு."

பக்கத்து இருக்கை லூவோ காதைக் கடித்தான். "அடுத்த வாரம் அம்மாவையும் போட்டுத் தள்ளுடா. கோழிக்கால் வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்பா. நிஜமாகவே அழுதுவிட்டேன். டீச்சர் அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். போன இரண்டுக்கும் ஆப்பிள் தோட்ட வேலை என்று நீங்கள் வரவில்லை. அதற்குள் டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். தடித்த காலுறை இரண்டு ஜோடி வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள், கையில் கொண்டுவாருங்கள். திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்,
ஷுவோ