ஸ்டெடியான ஆள்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. மகள் பவியின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டே காய வைத்தேன்.

ஏழாம் வகுப்பு, ஆங்கிலம். இன்றைய வார்த்தை ஸ்டெடி. போர்டில் எழுதியது: ஆடாத, நடுங்காத, ஒரே சீரான. வாக்கியம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி மழையை வைத்துச் சொன்னாள். நல்ல பிள்ளை. கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருத்தி: "மிஸ், எங்க சித்தப்பா எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா வண்டி ஓட்டுவாவ." வகுப்பே சிரித்தது. தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. தென்காசியில் அந்த வார்த்தைக்கு அதுதான் முதல் உபயோகம்.

சாயங்காலம் டிரான்ஸ்போர்ட் பார்க்கும் சார் கூப்பிட்டார். இலஞ்சி ரூட் ஸ்கூல் வேன் டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டாராம். "உங்க வீட்டுக்காரர் குற்றாலம் சீசன் வண்டி ஓட்டுறவர்தானே டீச்சர்?" கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கப் போவதில்லை.

வாங்க: கடலை மாவு, ரிப்பன். குடைக்கம்பி சரி பண்ண.

ஜூலை 4, வெள்ளி

நான் சொல்லாவிட்டால் என்ன, ஊர் சொல்லிவிட்டது. பதினோரு மணிக்கு இவரே பள்ளிக்கு வந்து நிற்கிறார். சிபாரிசுக்கு ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி.

"சாயங்காலம் கொஞ்சம் போடுவான் சார், மறைக்கல. ஆனா ஆளு ஸ்டெடி. இத்தன வருசத்துல வண்டில ஒரு கீறல் உண்டுமா? கேட்டுப் பாருங்க."

சார் ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே என்னைக் கேட்டார். "நீங்க சொல்லுங்க டீச்சர். ஸ்டெடிதானே?"

சாயங்காலம் மட்டும் இல்லை. மூன்று மாதமாகக் காலையிலும். பல் தேய்க்கும் முன் பரணில் இருக்கும் பாட்டில். அது உள்ளே போகாவிட்டால் காபி டம்ளர் கையில் நிற்காது, பாதி சட்டையில். போனால் கை கல் மாதிரி நிற்கும். ஊர் மெச்சும் ஸ்டெடி இதுதான். இது எனக்கும் பவிக்கும் மட்டும் தெரியும்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். உள்ளே மற்ற டீச்சர்கள் டிபன் டப்பாவைத் திறந்தபடி எட்டிப் பார்த்தார்கள்.

"ஆமா சார்" என்றேன்.

வெட்கம், அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் என் வீட்டைத் திறந்து காட்டப் பயந்தேன். வேறு காரணம் எழுதினால் அது பொய்.

ஜூலை 7, திங்கள்

இவருக்கு முதல் நாள். பவியை வேனில் ஏற்றவில்லை. என்னோடு டவுன் பஸ். சீட் இல்லை என்றேன்.

"மூணு வருசமா முன் ஜன்னல் சீட்டு எனக்குத்தானம்மா?"

"இந்த வருசம் இல்ல."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

மேலகரம் ஸ்டாப்பில் நிற்கும்போது வேன் போனது. எண்ணினேன். பதினேழு பிள்ளைகள். கை ஆட்டினார்கள், இவர் ஹாரன் அடித்தார். வளைவில் அவ்வளவு அழகாகத் திருப்பினார்.

ஜூலை 9, புதன்

ஐந்தருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வந்த காரெல்லாம் ரோட்டிலேயே நிற்கிறது. பஸ் நாற்பது நிமிடம் லேட். ஏழாம் வகுப்பு நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை.

காலையில் இவரிடம் சொல்லிப் பார்த்தேன், இந்த வேலை வேண்டாம் என்று. "நான் என்னைக்காவது ஆடி நீ பாத்திருக்கியா? ஊர்ல யாரையும் கேளு." யாரைக் கேட்க? எல்லாரும் ஒரே வார்த்தையைத்தானே சொல்வார்கள்.

எனக்காக இன்று குறைத்துக்கொண்டாராம். சட்டைப் பட்டனைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். பரண் பக்கம் போய்விட்டு வந்தார். போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கை நடுக்கம் நின்றதும் வேன் கிளம்பியது.

என்ன பொம்பளை நான். த்தூ.

ஜூலை 10, வியாழன்

சாரல், காற்று. ஸ்டாப்பில் எல்.கே.ஜி. ரிஹானாவின் அம்மா. வீட்டுக்காரர் சவூதியில். கையில் ஒரு டப்பா, நெய்ச்சோறு.

"உங்க பிள்ள சீட்டத்தான் எங்க ரிஹானாவுக்கு விட்டுக் குடுத்தியளாம்லா. டிரான்ஸ்போர்ட் சார் சொன்னாவ. யாருக்கு டீச்சர் இந்த மனசு வரும்? டீச்சர் வீட்டு வண்டிங்கிற தைரியத்துலதான் பிள்ளைய அனுப்புதேன்."

நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். வாங்கவும் செய்தேனே.

வேன் வந்தது. முன் ஜன்னலில் ரிஹானா ஏறி உட்கார்ந்தாள். கம்பிக்கு மேல் நெற்றி மட்டும் தெரிந்தது. பவி என் முகத்தையே பார்த்தாள். மத்தியானம் நெய்ச்சோற்றை அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

7.20, பஸ்ஸில் எழுதுகிறேன். மழை விட்டிருக்கிறது.

சாருக்குக் கடிதம் எழுதியாயிற்று. நான்கே வரி. அன்று நான் சொன்னது பொய். அவர் காலையிலும் குடிக்கிறார். இலஞ்சி ரூட்டுக்கு வேறு ஆள் பாருங்கள். என் வேலையைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் சரி. ரிஹானா அம்மாவுக்கு ஸ்டாப்பிலிருந்தே போன் பண்ணினேன், வேன் வராது என்று. ஏன் டீச்சர் என்றாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் நடந்தது: ஆறரைக்கு ஆணியில் வேன் சாவி இல்லை. பீரோ மேல், தலையணை அடியில், எல்லா இடத்திலும் தேடினார். "ஏட்டி, சாவியப் பாத்தியா?" நான் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

பவி ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் கேட்டாள். "அம்மா, சாவி உன் பையிலதான இருக்கு?"

"ஆமா" என்றேன்.

அவர் கத்தவில்லை. கிட்டே வந்து கையை நீட்டினார். துளி நடுக்கம் இல்லை அந்தக் கையில். நான் கொடுக்கவில்லை.